லண்டன்–டோக்கியோ: டிக்கெட்டில் உள்ள நேரம் சரிதான்

லண்டனிலிருந்து டோக்கியோ சுமார் 9,600 கி.மீ. தானே, 11 மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணத்துக்கு அம்மாவின் டிக்கெட்டில் ஏன் 14 மணி நேரம் என்று கேட்டிருந்தீர்கள். தப்பு எதுவும் இல்லை. நீங்கள் பார்த்தது உலக உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். அந்தப் பாதை சைபீரியா வழியாகப் போகிறது. 2022 முதல் பிரிட்டன், ஜப்பான் விமானங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கின்றன. தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ, வடக்கே அலாஸ்கா வழியாகவோ சுற்றுகின்றன. அதனால் நேரம் கூடுகிறது, எரிபொருள் செலவும் கூடத்தான்.

அப்புறம், டிக்கெட்டில் புறப்படும், சேரும் நேரங்களாக இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜப்பான் பிரிட்டனைவிடக் கோடையில் 8 மணி நேரம், குளிர்காலத்தில் 9 மணி நேரம் முந்தி. அம்மாவை அழைக்க வருபவரிடம் மறுநாள் தேதியைச் சொல்லிவிடுங்கள். நீண்ட பயணம், இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.