ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. 15 வருடமாகச் சர்க்கரை. 2 வருடத்துக்கு முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஃப்ளூ தடுப்பூசி போடும்படி இதய மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் தெருவில் ஒருவர் அந்த ஊசி போட்ட பத்தாம் நாள் மாரடைப்பில் இறந்துபோனார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவும் ஊசியால்தான் என்கிறது. அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். முட்டைகூடத் தொடாத சைவம். போன வருடம் இந்த ஊசி போட்ட சித்தப்பாவுக்கு மறுநாளே காய்ச்சல் வந்தது. கொரோனா ஊசி போட்டாயிற்றே, இது எதற்கு என்கிறார் அம்மா. நான் கூட்டிப் போய் ஊசி போட்டு, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயப்படுகிறீர்கள். ஊசி போடாமல் விட்டு, ஐப்பசி மழையில் அவருக்கு ஃப்ளூ வந்து, அந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். "காய்ச்சலில் படுத்தார், வயசும் ஆயிற்று, போய்விட்டார்" என்பார்கள். எந்த வீடியோவும் வராது. ஆனால் இதய நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவர்கள் பயப்படுவது இந்த இரண்டாவது நிலைமைக்குத்தான். உங்கள் மருத்துவர் ஊசி போடச் சொன்னதற்குக் காரணமும் அதுதான்.

ஃப்ளூ மாரடைப்பைக் கொண்டுவரும். இது ஊகம் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களிடையே மாரடைப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 364 நிகழ்வுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரே ஆளின் ஃப்ளூ வந்த வாரத்தையும் அவருடைய மற்ற வாரங்களையும் ஒப்பிட்டார்கள். ஃப்ளூ வந்த முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட 6 மடங்கு இருந்தது. ஒப்பீடு ஒரே ஆளுக்குள் நடந்ததால், அவருக்குச் சர்க்கரை இருந்தது, இவர் புகைபிடித்தார் என்று சொல்லி இந்தக் கணக்கை ஒதுக்க முடியாது.

ஊசி பற்றியும் இதே மாதிரி பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் மாரடைப்பு வந்த 20,000க்கும் அதிகமானவர்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஊசி போட்ட பிறகு மாரடைப்பு கூடியதா, சளிக் காய்ச்சல் வந்த பிறகு கூடியதா என்று இரண்டையும் பார்த்தார்கள். ஃப்ளூ ஊசிக்குப் பிறகு மாரடைப்பு கூடவில்லை. நெஞ்சுச்சளித் தொற்று வந்த முதல் 3 நாட்களில் ஏறக்குறைய 5 மடங்கு கூடியது. உங்கள் தெருவில் பேசுவதற்கு நேர் எதிரான பதில் இது.

காரணம் புரியாத மர்மமும் இதில் இல்லை. ஃப்ளூ வந்தால் உடம்பு முழுக்க அழற்சி கிளம்புகிறது. இதயக் குழாயின் சுவரில் சும்மா கிடந்த கொழுப்புப் படிவு அந்த அழற்சியில் வெடிக்கலாம். ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. காய்ச்சலில் இதயம் வேகமாக அடிக்கும், தண்ணீர் குடிப்பது குறையும், நுரையீரலில் சளி கட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜனும் இறங்கும். இதயத்துக்கு வேலை கூடுகிற அதே நேரத்தில் அதற்கு வர வேண்டியது குறைகிறது. ஸ்டென்ட் வைத்தது ஓரிடத்து அடைப்பை மட்டும்தான் திறந்திருக்கிறது; மற்ற குழாய்கள் அதே 67 வயதுக் குழாய்கள், 15 வருடச் சர்க்கரையைப் பார்த்த குழாய்கள்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், அப்பாவிடமும் சொல்லுங்கள். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள்ளேயே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு வங்கதேசம் உட்பட 8 நாடுகளில் நடந்தது. 2,500 பேருக்கு மேல் இதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. 2021இல் முடிவு வந்தது: ஓராண்டுக்குள் உப்புநீர் போட்டவர்களில் 4.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், தடுப்பூசி போட்டவர்களில் 2.9 சதவீதம். இதயம் அடிபட்டுப் புண்ணாக இருக்கும் அந்த மூன்று நாட்களிலேயே கொடுத்து நன்மை கண்டிருக்கிறார்கள். 2 வருடம் ஆகி, நடமாடிக்கொண்டிருக்கும் உங்கள் அப்பாவுக்குப் பயப்பட என்ன இருக்கிறது?

அப்படியானால் தெருக்காரர் ஏன் இறந்தார்? அவரை நான் பார்த்ததில்லை, அவர் இதயம் எப்படி இருந்தது என்றும் தெரியாது. ஆனால் இந்த ஊசியை யாருக்குப் போடச் சொல்கிறோம் என்று யோசியுங்கள். வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இவர்களில் சிலருக்கு எந்த மாதத்திலும் மாரடைப்பு வரும். அதில் ஒருவருக்கு ஊசி போட்ட பத்தாம் நாள் வந்தால் ஊர் முழுக்கப் பேச்சு. ஊசியே போடாத ஒருவர் அதே நாளில் இறந்தால் அது செய்தியே இல்லை. அந்த வீடியோவிலும் ஊசி போட்ட தேதியையும் இறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததைத் தவிர வேறு ஆதாரம் இருக்கப்போவதில்லை. ஒரு துக்க வீட்டை வைத்து ஆயிரம் பேரைப் பயமுறுத்துகிற அந்த வேலை எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. உங்களுக்கு அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள், இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள்.

சித்தப்பாவுக்கு வந்தது ஃப்ளூ இல்லை. ஊசியில் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள், அதனால் நோய் வராது. உடம்பு எதிர்ப்பாற்றலைத் தயார் செய்யும்போது ஒன்றிரண்டு நாள் கை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம். தேவைப்பட்டால் ஒரு பாராசிட்டமால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் ஊசிக்காக அவற்றை நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் அவராக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. மெல்லிய ஊசியால் போடச் சொல்லுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். கொரோனா வேறு வைரஸ், அந்த ஊசி இதற்கு உதவாது. ஃப்ளூ வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை புது ஊசி போட வேண்டியிருக்கிறது. போன வருடம் போட்டிருந்தாலும் இந்த வருடம் மறுபடி போட வேண்டும்.

முட்டை விஷயம் இரண்டு வகை. ஒவ்வாமை பயம் என்றால் அதை விட்டுவிடுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இப்போது இந்த ஊசியைப் போடுகிறோம். சைவம் என்ற மனத்தடை என்றால் அது அவருடைய முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளுக்கான வைரஸைக் கோழிமுட்டைக் கருவில்தான் வளர்க்கிறார்கள். இதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். கூடவே, பல கேப்சூல்களின் உறை விலங்கின் ஜெலட்டினில் செய்தது என்பதையும், மருந்து வேறு உணவு வேறு என்று நினைத்து அதை ஏற்றுக்கொள்ளும் சைவர்கள் நிறையப் பேர் இருப்பதையும் சொல்லுங்கள்.

வேண்டாம் என்று நானே சொல்லும் ஆட்களும் உண்டு. முன்பு ஃப்ளூ ஊசி போட்டுக் கடுமையான ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறியவர்கள், ஊசி போட்ட 6 வாரத்துக்குள் கில்லன் பாரே என்ற, கை கால்களைச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய் வந்தவர்கள். அப்பாவுக்கு இப்படி ஒன்றும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஊசி போடும் அன்று கடும் காய்ச்சல் இருந்தால் தணிந்த பிறகு போடலாம். சாதாரண மூக்கொழுகலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த ஊசி போட்டால் ஃப்ளூ வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வருடத்து வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்தினால் டாக்டரிடம் போகிற அளவு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. வயதானவர்களுக்கு இது இன்னும் குறைவாக இருக்கலாம். நான் அப்பாவுக்கு எதிர்பார்ப்பது, வந்தாலும் ஐசியு வரை போகாமல் இருப்பதை.

எப்போது போடுவது? இந்தியாவின் பல பகுதிகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ ஏறும். சென்னையிலும் வேலூரிலும் கண்காணித்தபோது அக்டோபர், நவம்பரில்தான் அது உச்சத்துக்கு வந்தது, அதாவது நம் வடகிழக்குப் பருவமழையோடு. ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் ஏற சுமார் 2 வாரம் ஆகும். அதனால் ஆவணி, புரட்டாசி சரியான காலம். தீபாவளி கழியட்டும் என்று தள்ளாதீர்கள். தவறவிட்டால் மழை தொடங்கிய பிறகும் போடலாம். பெட்டியில் மூன்று வைரஸுக்கானது என்றோ நான்குக்கானது என்றோ போட்டிருக்கும். நான்காவதான யமகதா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் உறுதியாகத் தென்படவில்லை, எனவே மூன்று இருந்தாலே போதும். காலாவதித் தேதியையும் இந்த ஆண்டுக்கானதா என்பதையும் பாருங்கள். மூக்கில் விடும் வகை அவருக்கு வேண்டாம். ஊசியைக் கடையில் வாங்கி, கைப்பையில் வைத்து, வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோகவும் வேண்டாம். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனாலும் வீண். போடுகிற இடத்திலேயே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போடட்டும். அன்று காலை சாப்பாடு, சர்க்கரை மாத்திரை எல்லாம் வழக்கம்போல. போட்ட பிறகு கால் மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்காதது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், இந்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரைவிட அவர் மூச்சைப் பாருங்கள்.

வயதான சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சல் 100ஐத் தாண்டாமலே நிமோனியா வரும். நரம்பு மரத்திருப்பதால் நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பும் வரும். இரண்டிலும் மூச்சு வாங்குவது வெளியே தெரியும். ஆனால் அவர் அதை "மூச்சு வாங்குகிறது" என்று சொல்ல மாட்டார். "ஒரே அசதி", "கேஸ் மாதிரி இருக்கிறது", "படுத்தால் என்னவோ செய்கிறது" என்பார். எனவே நீங்களே கவனியுங்கள். பாத்ரூம் போய் வந்தவர் பேச முடியாமல் கட்டிலில் உட்காருகிறாரா? ஒரு வாக்கியத்தை நடுவில் மூச்சு விடாமல் முடிக்க முடிகிறதா? அவருக்குத் தெரியாமல் ஒரு முழு நிமிடம் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 24ஐத் தாண்டினால் நல்லதில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் பேட்டரி மாற்றி வையுங்கள். ஆக்சிஜன் 94க்குக் கீழே காட்டினால் காத்திருக்க வேண்டாம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, "பரவாயில்லை" என்று எழுந்து உட்கார்ந்து, ஐந்தாம் ஆறாம் நாள் மறுபடி காய்ச்சலும் மூச்சு வாங்கலும் வந்தால் அது ஃப்ளூவின் மீதி இல்லை, பெரும்பாலும் அதன் மேல் ஏறிய பாக்டீரியா நிமோனியா. ஆள் தடுமாறிப் பேசினாலும், பகலிரவு தெரியாமல் குழம்பினாலும் அப்படித்தான்.

இதில் எது நடந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். இசிஜியும், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டென்ட் போட்ட விவரமும் தற்போதைய மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

மூச்சுத் தொந்தரவு இல்லாத வெறும் காய்ச்சல் என்றாலும் இவரைப் போன்றவருக்கு முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். அந்த இரண்டு நாளைத்தான் நம் வீடுகளில் மெடிக்கல் ஷாப் வாசலில் தொலைத்துவிடுகிறோம். "காய்ச்சலுக்கு மூணு வேளைக்கு ஒரு செட் கொடுங்க" என்று வாங்கும் அந்தக் காகிதப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? பாராசிட்டமாலோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருக்கும். அது இதய நோயாளிக்கு ஆகாது, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவும் வரும். பல நேரம் குட்டியாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். அன்று மாலை அவர் தெம்பாக எழுந்து உட்காருவார், சர்க்கரை 400ஐத் தொட்டிருக்கும். அதில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால், அது வைரஸை ஒன்றும் செய்யாது. சில இதய நோயாளிகளின் இதயத் துடிப்பைக் குழப்பும். தயவுசெய்து அப்பாவுக்கு அந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாமலும், அப்படியே தொடராமலும், டாக்டருக்கு ஒரு போன் செய்து கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவராக இருந்தால் இது இன்னும் அவசரம்.

செலவு ஒன்று இருக்கிறது. அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, பிராண்டைப் பொறுத்து ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகலாம். ஒருவருக்குத்தான் முடியும் என்றால் அப்பாவுக்கு. இரண்டு பேருக்கு முடிந்தால் அவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அம்மாவுக்கும். பள்ளிக்கூடம் போகும் குழந்தை வீட்டில் இருந்தால், ஃப்ளூவைக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்தக் குழந்தைதான். முடிந்தால் அதற்கும் போடுங்கள். 9 வயதுக்குக் கீழே முதல்முறை போடும்போது 4 வாரம் இடைவெளி விட்டு இரண்டு தவணை வேண்டும்.