ஞாயிறு காலைக்கு ஒரு ரேடியோ

பர்மிங்காமுக்கு வந்த புதிது, வார நாட்கள் வேலையில் ஓடிவிடுகின்றன, சனி ஞாயிறு காலையில் வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஆபீஸில் இந்த ஊர்க்காரர்கள் வேகமாக இங்கிலீஷ் பேசினால் பாதி காதில் ஏறுவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அடுக்களையில் ஒரு ரேடியோ வையுங்கள். பாட்டுக்கான ஸ்டேஷன் வேண்டாம், பேச்சுக்கானது. பிபிசி ரேடியோ 4.

டிவி என்றால் அதன் முன்னால் உட்கார வேண்டும். ரேடியோவைத் தோசை ஊற்றிக்கொண்டே கேட்கலாம், துணி மடித்துக்கொண்டே கேட்கலாம். பேசுகிறவர் முகத்தைப் பார்த்து ஊகிக்க வழி இல்லாததால் காதே முழு வேலையையும் எடுத்துக்கொள்கிறது. அதற்காக இங்கிலீஷ் கிளாஸ் மாதிரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடாதீர்கள். புரிகிற வரைக்கும் புரியட்டும். சுகமாகக் கேட்டால்தான் அடுத்த வாரமும் கை தானாக அந்தப் பக்கம் போகும்.

ஞாயிறு காலையில் நான் விடாமல் கேட்பது 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்'. 1942-இல் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது தொடங்கியது, இன்னும் நடக்கிறது. ஆள் இல்லாத தீவில் தனியாக மாட்டிக்கொண்டால் எந்த எட்டுப் பாட்டு உங்களோடு வேண்டும் என்று விருந்தினரிடம் கேட்பார்கள். பைபிளும் ஷேக்ஸ்பியரும் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு புத்தகம், ஒரு ஆடம்பரப் பொருள். கடற்பறவைச் சத்தத்தோடு ஆரம்ப இசை வந்ததுமே எனக்கு மனசு இளகிவிடும். பாட்டு ஒரு சாக்குதான். அதைச் சாக்கிட்டு அப்பா செய்த வேலை, படித்த பள்ளிக்கூடம், முறிந்த கல்யாணம் எல்லாம் வெளியே வரும். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் தடுமாறினால் பேட்டி எடுப்பவர் அவசரப்படுத்த மாட்டார். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே கேட்காது. பிறகு மெதுவாக, "அந்தப் பாட்டைப் போடலாமா?" என்பார். இந்த ஊர்க்காரர்கள் மனசு விட்டுப் பேச மாட்டார்கள் என்று நம்மவர்கள் சொல்வதுண்டே, அதை நான் நம்பாமல் போனது இதைக் கேட்டுத்தான்.

அடுத்தது 'தி ஆர்ச்சர்ஸ்'. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தின் தொடர் நாடகம். 1951 ஜனவரி முதல் நாடு முழுக்க ஒலிபரப்பாகிறது, பதிவு செய்வது நம்ம பர்மிங்காமில். வாரம் முழுக்கத் துண்டு துண்டாக வந்ததை ஞாயிறு காலை மொத்தமாகப் போடுவார்கள். போருக்குப் பின் உணவுத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், கதையோடு சேர்த்து விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லிக்கொடுக்கத்தான் இதை ஆரம்பித்தார்கள். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் திருச்சி வானொலியைக் கேட்டு ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பயிரிட்டவர்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே எண்ணம்தான் இங்கேயும். இன்றைக்கும் மாடு கத்துகிற சத்தம், கேட் திறக்கிற சத்தம், பப்பில் கிளாஸ் வைக்கிற சத்தம் எல்லாம் கேட்கும். பண்ணை முதலாளி ஒரு மாதிரி, கூலிக்கு வேலை செய்பவர் வேறு மாதிரி பேசுவார். உங்கள் ஆபீஸில் கேட்கிற உச்சரிப்புகள் பலவும் இதில் கிடைக்கும்.

சனிக்கிழமை 'ஃப்ரம் அவர் ஓன் கரஸ்பாண்டென்ட்' வரும். உலகெங்கும் உள்ள செய்தியாளர்கள் தாங்கள் பார்த்ததை நிதானமாக எழுதி வாசிப்பார்கள். மதியச் செய்திக்குப் பிறகு வருகிற 'மணி பாக்ஸ்' பென்ஷன், பேங்க் மோசடி பற்றியது. புதிதாக வந்தவர்களுக்கு அவசியம். ஞாயிறு அதிகாலையில் ஒவ்வொரு வாரமும் ஒரு தேவாலயத்தின் மணியோசை போடுவார்கள். அந்த நேரத்தில் விழித்திருந்தால் விடாதீர்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ரேடியோ கேட்கப் பணம் கட்டி வாங்க வேண்டியிருந்த லைசென்ஸை 1971-லேயே ரத்து செய்துவிட்டார்கள். ரேடியோ மட்டும் கேட்பவருக்கு டிவி லைசென்ஸும் தேவையில்லை. போனில் பிபிசி சவுண்ட்ஸ் ஆப் இலவசம். ஆனாலும் தானமாக வந்த பழைய பொருட்களை விற்கிற சாரிட்டி கடையில் ஒரு எஃப்எம் செட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், 92-க்கும் 95-க்கும் இடையில் திருப்பினால் போதும். சரியாக மணி ஆகும்போது நேரத்தைக் காட்ட வருகிற ஆறு 'பிப்' சத்தம் அதில்தான் சரியான விநாடியில் கேட்கும். டிஜிட்டல் செட்டிலும் போனிலும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

ஆர்ச்சர்ஸில் முதல் சில வாரம் யார் யாருக்கு என்ன உறவு என்று குழப்பும். எழுதுங்கள், குடும்பம் குடும்பமாக நான் சொல்கிறேன்.