தேவாலயத்து ஆர்கனும் ஃபங்க் தாளமும்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துப் பழைய வீட்டில், அமெரிக்க ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் ‘ரூட் டவுன்’ இசைத்தட்டு கிடைத்தது. தேவாலயத்தில் கேட்கும் ஆர்கனா இது? இதை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்?
– வாசகர், ஏற்காடு

பதில்: உறவு உண்டு. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் பலவும், 1935இல் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் மின் ஆர்கனை வாங்கின. ஸ்மித்தின் பெயரோடு இணைந்துவிட்ட ஹாமண்ட் பி-3 வகையில், விசைகளுக்கு மேலுள்ள இழுகட்டைகளைச் சற்றே இழுத்தாலும் ஒலியின் நிறம் மாறிவிடும்; லெஸ்லி ஒலிபெருக்கிக்குள் சுழலும் கொம்பு அதற்கு ஒரு நடுக்கத்தைச் சேர்க்கும்.

வழக்கமாகப் பாஸ் (கீழ்ச்சுர) பகுதியையும் இடக்கையாலும் காலாலும் தாமே வாசித்துவிடும் ஸ்மித், 1972 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பம்பாய் பைசைக்கிள் கிளப்பில் (பெயரில்தான் பம்பாய்!) நேரடியாகப் பதிவான இத்தட்டில், அந்தப் பொறுப்பை வில்டன் ஃபெல்டரின் பாஸ் கிதாரிடம் விட்டதால்தான், ஆடத் தூண்டும் ஃபங்க் இசையின் தாளம் இவ்வளவு இறுக்கமாக அமைந்தது என்பது என் கணிப்பு. 1994இல் அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவான பீஸ்டி பாய்ஸ் தலைப்புப் பாடலின் துணுக்கொன்றைத் தன் பாடலில் எடுத்தாண்டபின், ஜாஸ் பக்கமே வராத ஹிப்-ஹாப் இளைஞர்களும் மூலத்தைத் தேடிக் கேட்டார்கள்.

ஏற்காட்டு ஈரத்தில் தட்டில் பூஞ்சை படிந்திருக்கக்கூடும். வாலைவடிநீரில் நனைத்த மெல்லிய துணியால், வரிகளின் போக்கிலேயே துடைத்து, நன்கு உலர்ந்தபின் ஊசியை வையுங்கள்.