பெயரை மாற்றினால் எதற்கும் பொருந்தும்

கேள்வி: ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ வீடியோ கேமுக்கு நான் எழுதிய விமர்சனத்தைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். என்ன குறை?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தம்பி, கிராபிக்ஸுக்கு ஒரு பத்தி, இசைக்கு ஒன்று, கதைக்கு ஒன்று, கடைசியில் 10க்கு 9. ‘கண்ணைக் கவரும் காட்சிகள்’ மட்டும் மூன்று இடத்தில். பெயரை மாற்றினால் எந்த விளையாட்டுக்கும் பொருந்தும்! நிண்டெண்டோ 2017இல் வெளியிட்ட இந்த விளையாட்டில், பாதி மலை ஏறியபின் மழை பிடித்தால் பாறை வழுக்கும். ஏறிய உயரம் கைவிட்டுப் போகும். கோணேசர் மலையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு ஈரப்பாறை தெரியாதா? வழுக்கியபோது எரிச்சல் வந்ததா? மழை விடும்வரை ஒதுங்கி நின்றீர்களா? அதை எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.