கிளாரா சபைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? – கேள்வி பதில்

கேள்வி: இத்தாலியின் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்தானே, தம் ஆண் துறவியர் சபையைப் போலவே, கிளாரா சபை என்ற இந்தக் கத்தோலிக்கக் கன்னியர் சபையையும் தொடங்கினார்? பிறகு ஏன் கிளாராவை நிறுவனர் என்கிறார்கள்?

தொடக்கத்தில் இருவருக்கும் பங்கு உண்டு. 1212ஆம் ஆண்டு குருத்து ஞாயிறு இரவு, அசிசியின் பிரபுக் குடும்பத்துப் பெண்ணான கிளாரா வீட்டாருக்குத் தெரியாமல் கிளம்பி, ஊருக்கு வெளியே இருந்த போர்சியுங்குலா சிற்றாலயத்துக்கு வந்தார். பிரான்சிஸ் அவருடைய கூந்தலை வெட்டி, முரட்டு அங்கி உடுத்தி, ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைக் கன்னியர் மடம் ஒன்றில் தங்கவைத்தார். உறவினர்கள் அங்கேயும் இழுத்துப்போக வந்தார்கள். கிளாரா பீடத்துணியைப் பற்றிக்கொண்டு, முக்காட்டை விலக்கி, முடி வெட்டிய தலையைக் காட்டினார். அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்புறம் சான் தமியானோ ஆலயத்தில் குடியேறினார். தங்கை ஆக்னஸ் வந்து சேர்ந்தார், பின்னாளில் தாய் ஓர்த்தலானாவும். பிரான்சிஸ் 1226இல் இறந்துவிட்டார்; அதன் பிறகு 27 ஆண்டுகள் சபையின் பாரத்தைச் சுமந்தவர் கிளாராதான். நிறுவனர் என்று அவரைச் சொல்வதே நியாயம்.

கேள்வி: அவர் உயிரோடு இருந்தபோதே 'கிளாரா சபை' என்று பெயரா?

இல்லை. அவர் தம்மையும் தம் தோழியரையும் 'ஏழைச் சகோதரிகள்' என்றார். திருச்சபை ஆவணங்களில் 'சான் தமியானோ சபை' என்று இருந்தது. 'புனித கிளாரா சபை' என்று பெயர் வைத்தவர் திருத்தந்தை நான்காம் உர்பான். ஆண்டு 1263, கிளாரா இறந்து 10 வருடம் ஆகிவிட்டது.

என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அதே ஆண்டு உர்பான் கொடுத்த சபை ஒழுங்கு, அதாவது துறவியர் வாழ வேண்டிய விதித்தொகுப்பு, மடங்கள் பொதுவில் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்றது. கிளாரா வாழ்நாளெல்லாம் மறுத்தது அதைத்தான். 1228இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியே சொத்து தருகிறேன், ஏழ்மை வார்த்தைப்பாடுதான் (துறவற வாக்குறுதி) தடை என்றால் அதிலிருந்து விடுவிக்கிறேன் என்றார். பாவங்களிலிருந்து விடுவியுங்கள், கிறிஸ்துவைப் பின்பற்றுவதிலிருந்து வேண்டாம் என்று பதில் சொன்னார் கிளாரா. அவர் பெயரைச் சபைக்குச் சூட்டிய கையோடு, அவர் காத்த ஏழ்மையைத் தளர்த்திவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் அவரே எழுதிய ஒழுங்கு என்ன ஆனது?

பெண் துறவியருக்கு ஒரு பெண்ணே எழுதி, திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற முதல் ஒழுங்கு அது. நான்காம் இன்னொசென்ட் 1253 ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் கொடுத்தார். கிளாரா ஆகஸ்ட் 11 அன்று இறந்தார். இடையில் ஒரே ஒரு நாள். அந்தத் தோல் ஏடு பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் இருந்து, 1893இல் அசிசியில் அவருடைய உடையோடு கிடைத்தது. கிளாரா இதைப் பலமுறை தொட்டு முத்தமிட்டார் என்று அதிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் மனம் கலங்கிவிடும் எனக்கு.

கிளாராவின் ஒழுங்கை விடாத மடங்களும் இருந்தன. 15ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் கொலெத் என்ற துறவி பல மடங்களை அதற்கே திரும்ப அழைத்துவந்தார். உர்பானின் ஒழுங்கில் நின்றவர்களுக்கு 'உர்பானியர்' என்று பெயர் வந்ததும் இந்தப் பிரிவினால்தான்.

கேள்வி: கிளாராவின் சகோதரிகள் மடத்துக்குள்ளேயே அடைபட்டு வாழ்ந்தவர்கள். வெளியே போகாமல் எப்படிச் சாப்பிட்டார்கள்?

கைவேலை, அத்தோடு பிரான்சிஸ்கன் சகோதரர்கள் கொண்டுவந்து கொடுத்த பிச்சை. கிளாரா நோயில் படுத்திருந்தபோதும் முதுகுக்கு அண்டை கொடுத்து உட்கார்ந்து நூல் நூற்றார்; அதில் நெய்த திருப்பலித் துணிகள் அசிசி சுற்றுவட்டார ஆலயங்களுக்குப் போயின.

கேள்வி: கேரளத்துப் புனித அல்போன்சாவும் இந்தச் சபைதானா?

இல்லை. அவருடைய பிரான்சிஸ்கன் கிளாரா சபை 1888இல் சங்ஙனாச்சேரியில் தொடங்கியது. கிளாராவைப் பாதுகாவலராகக் கொண்ட சபைதான், ஆனால் அடைபட்ட மடம் கிடையாது. அந்தச் சகோதரிகள் வெளியே வந்து பள்ளி, மருத்துவமனைகளில் பணி செய்கிறார்கள்.