"அங்கே யார் பிள்ளைகள் படிக்கிறார்கள்?" – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தம் 38 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம் என்றால், "மூணாவதுல பாதிப் புள்ளைங்களுக்கு எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வரலை, படிக்கிறதெல்லாம் காலனிப் புள்ளைங்க, உனக்கென்ன தலையெழுத்தா" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். டவுன் பள்ளிக்கு வேனோடு சேர்த்து வருடம் 28 ஆயிரம் ஆகும். நான் தறி ஓட்டுகிறேன். என்ன செய்யட்டும்?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் சொந்தக்காரர்கள் வாசிப்பையும் சாதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். முதலில் சாதியைப் பேசிவிடுவோம். "யார் படிக்கிறார்கள்" என்று கேட்பவர்களில் பலர் பள்ளியின் தரத்தை விசாரிப்பதில்லை, தன் பிள்ளை யார் பக்கத்தில் உட்காரும் என்றுதான் விசாரிக்கிறார்கள். முப்பது வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவன், இந்தக் கேள்வியைச் சேர்க்கை மாதம் தவறாமல் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்திருக்கிறது. அந்தக் காரணத்துக்காக மட்டும் வேன் ஏற்றாதீர்கள்.

சரி, வாசிப்புக்கு வருவோம். 38 பேர் என்றால் மூன்றாம் வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எட்டுப் பேரில் ஒரு பிள்ளை என்பது 12.5 சதவீதம், அதனால் அம்மாவோடு கரும்பு வெட்டப் போய் மூன்று மாதம் பள்ளிக்கே வராத இரண்டு பிள்ளைகள் போதும், "கால்வாசிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று ஊர் பேச. இந்த அளவு சின்னப் பள்ளியில் சதவீதத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அப்புறம், மதிப்பெண்ணில் பள்ளி சொல்லிக்கொடுத்தது எவ்வளவு, வீட்டிலிருந்து வந்தது எவ்வளவு என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. ஆந்திரக் கிராமங்களில் அதை ஒரு முறை உருப்படியாகச் செய்து பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. தனியார் பள்ளிக்குப் போக விரும்பி விண்ணப்பித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் போட்டுச் சிலருக்கு மட்டும் கட்டணத்தைக் கட்டி அனுப்பினார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளியிலேயே இருந்தார்கள். நாலு வருடம் கழித்துத் தேர்வு வைத்தால் தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. சும்மா பார்த்தால் தனியார் பள்ளிப் பிள்ளைகள் நிறையவே முன்னால் தெரிந்தார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி அவர்கள் வந்த வீட்டின் வசதி. தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி, குறைந்த செலவில் அந்த இடத்துக்கு வந்தன, மிச்ச நேரத்தில் சொல்லிக்கொடுத்த இந்தியில் அந்தப் பிள்ளைகள் முன்னே இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

உங்கள் ஊரில் நடந்திருப்பதும் இந்த வகைதான். வேனுக்குப் பணம் கட்ட முடிந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன, வீட்டில் ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த பிள்ளைகள் அவர்களோடு போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் மட்டுமே பார்க்கிற பிள்ளைகள். சராசரி இறங்கத்தானே செய்யும்? அதே ஆசிரியர், அதே புத்தகம், அதே கரும்பலகை.

பள்ளியிலும் குறை இல்லாமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், ஆனால் வகுப்பு ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அதனால் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், காலை பத்தரை வாக்கில், சொல்லாமல் போங்கள். இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பழைய நோட்டையும் இப்போதைய நோட்டையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஜூனில் கோணல் கோணலாக 'அ' போட்ட பிள்ளை பிப்ரவரியில் தானாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் அங்கே பாடம் நடக்கிறது என்று அர்த்தம். சின்ன வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும் வரவைக்க அரசு 2022–23இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக நிலை பிரித்திருக்கிறார்கள், எத்தனை பேர் அரும்பிலிருந்து மொட்டுக்கு நகர்ந்தார்கள் என்று டீச்சரிடம் கேளுங்கள். பிள்ளைகளின் பெயரோடு பதில் வந்தால் நம்பலாம்.

நகர்கிறார்கள் என்றால் நான் சேர்த்துவிடுவேன். 28 ஆயிரத்தில் மகளுக்குக் கதைப் புத்தகமும் நல்ல சாப்பாடும் வாங்கித் தரலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சேருங்கள், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஓர் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் மட்டும் யோசியுங்கள், குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, மாற்று ஆசிரியர் வருகிறாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் படித்தால் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடுமா?
– வாசகி, கரூர்

பதில்: போகாதம்மா. 2020இல் வந்த அந்த ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு, தொடக்க வகுப்புகளைப் பார்ப்பதில்லை.

கேள்வி: என் பள்ளியில் 46 பிள்ளைகளில் 17 பேர் ஒடிசா, பீகார் குடும்பங்கள். தமிழ் தெரியாமல் நடுவில் வந்து நடுவிலேயே போய்விடுகிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் சராசரியைக் காட்டித் திட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிற அளவுக்கு ஆகிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.
– ஆசிரியை, திருப்பூர் மாவட்டம்

பதில்: டீச்சர், மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. அடுத்த ஆய்வுக்கு ஒரே தாளில் மூன்று பத்தி போட்டு வையுங்கள்: சேர்ந்த தேதி, சேர்ந்த அன்று என்ன தெரியும், இன்று என்ன தெரியும். வருடம் முழுக்க இருந்தவர்களையும் நவம்பரில் வந்தவர்களையும் தனித்தனியாகக் காட்டுங்கள். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், நாம் ஏற்றுகிற விவரம் இப்படிப் பிரித்துப் பார்க்கத்தான் உதவ வேண்டும்.

கணக்கை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் வராத பிள்ளைக்கும் கணக்கு வரும், கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருகிற பிள்ளைகள் அவர்கள். 'தண்ணீர்', 'பசி', 'வீடு' என்று பத்து வார்த்தைகளை அவர்கள் மொழியிலேயே கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நானும் ஒரு வருடம் செங்கல் சூளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறியிருக்கிறேன். அக்காவைத் தம்பி பக்கத்தில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொன்ன நாளிலிருந்துதான் வழி கிடைத்தது. அந்த அக்கா நாலாம் வகுப்பு, ஏப்ரலில் ஊருக்குப் போகும்போது இருபது வரை தமிழில் எண்ணிக் காட்டிவிட்டுப் போனாள்.