கோரைப்பல்லும் பசுவின் வயிறும்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ஆறு மாதமாக இறைச்சி, மீன், முட்டை, பால் எதையுமே தொடுவதில்லை. “கோரைப்பல் எதற்கு இருக்கிறது? இறைச்சி இல்லாமல் மனித உடம்பு தாங்காது” என்கிறார் என் கணவர். “பசு புல்லைத் தின்றே இவ்வளவு பெரிதாக வளரவில்லையா?” என்று அவள் மடக்குகிறாள். சாப்பிட உட்கார்ந்தாலே சண்டை. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வீட்டில் இரண்டு பேருமே தோற்கும் வழக்கைத்தான் வாதாடுகிறார்கள், அம்மா.

கொரில்லாவின் கோரைப்பல் நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. அது தின்பதோ பெரும்பாலும் இலையும் தண்டும். ஆதி மனிதர்கள் இறைச்சி தின்றார்கள் என்பது உண்மை. ஆனால் அது தின்ன முடியும் என்பதற்குத்தான் சான்று; தின்றே ஆக வேண்டும் என்பதற்கு அல்ல.

மகளின் பசு வாதம் அவளுக்கே எதிராகத் திரும்பும். பசுவின் அசை இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. பசுவுக்கு வேண்டிய வைட்டமின் பி12-ஐத் தயாரித்துக் கொடுப்பவை அவைதாம். நம் குடலிலும் அத்தகைய நுண்ணுயிரிகள் உண்டு, ஆனால் அவை குடியிருப்பது பெருங்குடலில். பி12 உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்பே, சிறுகுடலின் கடைசிப் பகுதியில். சமையலறையைக் கடந்து போய் உலை வைத்தாற்போல!

ஆக, உடம்பு கேட்பது இறைச்சியை அல்ல, அதிலிருக்கும் சில சத்துகளை. தானியமும் பருப்பும் சேர்த்துச் சாப்பிட்டால் புரதத்தில் குறை வராது. இரும்புச்சத்துக்குப் பயறும் கீரையும் உதவும். கூடவே எலுமிச்சையோ வேறு புளிப்புப் பழமோ இருக்கட்டும், சாப்பிட்டவுடன் தேநீர் வேண்டாம். பி12-க்கு மட்டும் தாவர உணவில் நம்பகமான வழி கிடையாது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதாகச் சொல்வார்கள்; அதிலிருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகளுக்குக்கூடத் தாங்கும் என்பதால், “ஆறு மாதமாக நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று அவள் சொல்வதை நம்பிவிடாதீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கீரையிலும் பயறிலும் நிறைந்திருக்கும் ஃபோலேட் சத்து, பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளித்தெரியாமல் மறைத்துவிடலாம். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும். பாதம் மரத்துப்போவது, நாக்கு எரிவது, காரணமில்லாத மறதி போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பி12 மாத்திரையைத் தொழிற்சாலையில் நுண்ணுயிரிகளைக் கொண்டுதான் தயாரிக்கிறார்கள். எனவே அவளுடைய கொள்கைக்குப் பங்கம் இல்லை. மாத்திரையின் உறை, விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினாக இருந்தால் மட்டும் மறுப்பாள். அது இல்லாத வகையும் கிடைக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அளவை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கட்டும்.

கணவர் இறைச்சியை விட வேண்டியதில்லை. பதப்படுத்திய இறைச்சிதான் தட்டில் அடிக்கடி விழுகிறது என்றால், அதைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே சேர்த்துவிட்டது என்பதை மகள் கண்டுபிடிப்பதற்குள் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.